கோட்டுக்கு மேலே போன பிள்ளை

மாதத்தின் முதல் புதன்கிழமை எங்கள் கிளினிக்கில் பிள்ளைகளை எடை போடுவோம். எஸ்டேட் அம்மாமார்கள் மலாய்ச் சொல்லில் அதைத் தீம்பாங் நாள் என்பார்கள். கோலா சுங்கை பாருவுக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற செம்மண் பாதையில் இருந்தது அந்தக் கிளினிக். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு நர்ஸ், ஓர் அட்டெண்டன், நான்கு பெஞ்சு. அட்டெண்டன் நான்தான், மணியம். எனக்கு ஊர் தூரத்தில், வடக்கே கெடாவில் பாலிங். மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மனைவியும் மூன்று வயது மகளும் அங்கேயே இருந்தார்கள். நான் ஒரு சைக்கிள் கடை மாடியில் வாடகைக்கு இருந்தேன்.

தராசு வெளி வராந்தாவில் உத்தரத்தில் தொங்கும். கீழே கால் போட இரண்டு ஓட்டை வைத்த துணிப்பை. பிள்ளையை அம்மாவே அதில் உட்கார வைப்பாள். ஆட்டம் நின்றதும் நான் முள்ளைப் பார்த்து எண்ணைக் கூப்பிடுவேன். மிஸ்ஸி திரேசா உள்ளே மேசையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கேட்டுக் கார்டில் புள்ளி வைப்பார். முப்பது பிள்ளைகள் அழுகிற சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று நான் தொண்டையைத் திறந்து கத்துவேன். "உம்மட குரல் கோயில் மணி மாதிரி" என்று மிஸ்ஸி சொல்வார். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் மிஸ்ஸியிடம் நான் சொல்லவில்லை. எடை போடும்போது சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது சட்டம். ஆனால் நம் ஜனங்கள் பெண் பிள்ளையை அத்தனை பேர் நடுவில் உடுப்பில்லாமல் விட மாட்டார்கள். கெஞ்சுவார்கள். நானும் சரி என்று உடுப்போடு நிறுத்து, இருநூறு கிராம் கழித்துக் கூப்பிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தாராம்.

அந்தத் தொண்ணூற்று நாலாம் வருஷம் எங்கள் கிளினிக்கில் ஆறு பிள்ளைகளுக்குக் கூடை வந்துகொண்டிருந்தது. வயசுக்கு ஏற்ற எடை இல்லாத, வீட்டில் வருமானமும் இல்லாத பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதா மாதம் கொடுக்கிற சாமான் அது. கூடை என்று பெயர்தான், வருவது அட்டைப்பெட்டியில். அரிசி, கோதுமை மாவு, பச்சைப்பயறு, நெத்திலி, எண்ணெய், முட்டை, பிஸ்கட், பெரிய டின்னில் பால்மாவு. கார்டில் ஒரு கோடு போட்டிருக்கும். பிள்ளையின் புள்ளி அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிற வரை கூடை வரும். இரண்டு மாதம் தொடர்ந்து மேலே போனால் நின்றுவிடும். பிள்ளை தேறிவிட்டது என்று அர்த்தம்.

அந்த ஆறில் ஒருத்தி தேவி. முழுப்பெயர் இந்திராதேவி. இரண்டரை வயது. கண்ணு மட்டும் பெரிசு, மற்றதெல்லாம் குச்சி. அவள் அம்மா பவானேஸ்வரி பால் மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அப்பா வசந்தனுக்குத் தஞ்சோங் கிளிங்கில் ஹோட்டல் கட்டுகிற இடத்தில் வேலை. சனிக்கிழமை ஒருநாள்தான் வீட்டுக்கு வருவான். வேலை இருந்தால்தான் சம்பளம்.

மே மாதம் தேவி ஒன்பதரை கிலோ. ஜூனில் ஒன்பது ஏழு. அப்புறம் ஒன்பது ஒன்பது, பத்து ஒன்று. மாதா மாதம் ஏறியது. எனக்கு அந்தப் பிள்ளையை நிறுப்பதில் ஒரு சந்தோஷம். மற்ற பிள்ளைகள் இரண்டு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். இவள் மட்டும் படி ஏறுகிற மாதிரி போனாள். இவள் எண்ணை நான் இன்னும் கொஞ்சம் பலமாகவே கூப்பிட்டேன்.

செப்டம்பரில் பத்து நாலு என்று கூப்பிட்டபோது பெஞ்சில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையில் இருந்த ஜெயமணி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள்.

"என்னா பவானி, பால்மாவ கலக்கிக் குடுக்கிறியா, இல்ல டின்னோட முழுங்கச் சொல்றியா? எம்மவனுக்கும் அந்த வித்தையச் சொல்லிக் குடு லா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பவானி சிரிக்கவில்லை. பிள்ளையைப் பையிலிருந்து தூக்கி, முகத்தைத் தன் தோளில் புதைத்து மூடிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

அக்டோபரில் பத்தரை. இரண்டாவது மாதமும் கோட்டுக்கு மேலே. மிஸ்ஸி எழுந்து வெளியே வந்து தேவியின் கன்னத்தைத் தட்டினார். நான் கை தட்டினேன். இனிமேல் கூடை வராது, பிள்ளை நல்லா ஆயிட்டா என்று பவானியிடம் சொன்னதும் நான்தான். அவள் கார்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. காலையில் மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. நவம்பர் தீம்பாங் நாளுக்குப் பவானி வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை என்று நானும் தேடவில்லை.

அந்த மாதம் பாதியில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். பவானி மழையில் நனைந்துகொண்டு வந்தாள். முதுகில் துணியால் கட்டிய பிள்ளைக்குக் காய்ச்சல், உடம்பு கொதித்தது. மிஸ்ஸி அன்று அலோர் காஜா மாவட்ட சுகாதார ஆபீஸில் கூட்டத்துக்குப் போயிருந்தார், மத்தியானம்தான் வருவார். காய்ச்சல் மருந்து கொடுத்து ஈரத்துணியால் துடைக்கலாம் என்று பிள்ளையைக் கட்டிலில் படுக்க வைத்தேன். பவானி கையில் ஒரு பால் போத்தல் வைத்திருந்தாள். உள்ளே கருப்பாக இருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். சீனி போட்ட தே ஓ. பால் இல்லாத வெறும் தேத்தண்ணி.

எத்தனை நாளாக இதைக் கொடுக்கிறாய் என்று கேட்டேன். டின்னு முடிஞ்சதிலேருந்து என்றாள்.

துடைக்கிறதற்காகச் சட்டையைத் தூக்கினேன். அப்போதுதான் பார்த்தேன்.

பிள்ளை இடுப்பில் ஒரு ஜோடிக் கொலுசு. பெரியவர்கள் காலில் போடுகிற முத்து வைத்த கனமான வெள்ளிக் கொலுசு. இரண்டையும் சேர்த்துக் கோத்து அரைஞாண்கொடியாகச் சுற்றியிருந்தாள். அதில் வரிசையாக ஐந்து தாயத்து. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் தடிப்புச் செம்புக் குழல், இரண்டு பக்கமும் அடைத்தது. நான் கையில் ஏந்திப் பார்த்தேன். நாளெல்லாம் எடை பார்க்கிறவனுக்கு உள்ளங்கையே தராசு மாதிரி. முந்நூறு, முந்நூற்றைம்பது கிராம் இருக்கும்.

"எப்ப கட்டினது பவானி?"

"எட ஏறின ஒவ்வொரு தீம்பாங்குக்கும் ஒன்னுண்ணே. முனுசாமி பூசாரிகிட்ட. கறுப்புக் கயிறு கனம் தாங்கல, அதான் என் கொலுச போட்டேன்."

"எதுக்கு இத்தன?"

அவள் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்வாளா மாட்டாளா என்று இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீங்க சத்தமா கூப்பிடுறீங்கள்ல."

நான் புரியாமல் பார்த்தேன்.

"இவளுக்கு முன்னாடி எனக்கு ஒரு பிள்ள இருந்திச்சி, பையன். நீங்க வர்றதுக்கு முன்னாடி. இதே எடத்துல எட தூக்கினாங்க. நல்லா ஏறியிருக்குன்னு எல்லாருக்கும் காட்டினாங்க. எல்லாரும் பாத்தாங்க. ஒரு வாரம்ணே. வயித்தால போச்சி, அப்படியே போயிட்டான். ஒவ்வொரு மாசமும் நீங்க இவ நம்பர கூப்பிடும்போது எனக்கு அவன் ஞாபகந்தான் வரும். நேரா கோயிலுக்குப் போயிடுவேன்."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு மாதம் நான் கூப்பிடுவேன், அவள் பயந்துபோய் ஒரு தாயத்து கட்டுவாள். அடுத்த மாதம் அந்தத் தாயத்தையும் சேர்த்து நிறுத்து இன்னும் பெரிய எண்ணாகக் கூப்பிடுவேன். அவள் இன்னொன்று கட்டுவாள். பிள்ளை ஏறினது கொஞ்சம், செம்பும் வெள்ளியும் ஏறினது கொஞ்சம். நான்தான் சட்டையைக் கழற்றாமல் நிறுத்தேன், நான்தான் கையும் தட்டினேன்.

இதையெல்லாம் கழற்றிவிட்டு ஒரு தடவை நிறுத்தால் கூடை திரும்பக் கிடைக்கும் என்று பவானியிடம் சொன்னேன். அவள் உடனே பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

"கூடை வேணாம்ணே. பிள்ள இருந்தா போதும்."

மத்தியானம் மிஸ்ஸி வந்தார். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து அவர்களை அனுப்பினார். பிறகு நான் கதவைச் சாத்திவிட்டு அவர் முன்னால் நின்றேன். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இன்னும் ஆறு மாதத்தில் என் மாற்றல் மனுவைப் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். என் பெயரில் ஒரு கரும்புள்ளி விழுந்தால் பாலிங் அவ்வளவுதான். அதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

மிஸ்ஸி திரேசா தெங்கேராவில் இருப்பவர். யாழ்ப்பாணக்காரக் குடும்பம், வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். முப்பது வருஷ சர்வீஸ். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அன்று கழற்றி வைத்தார்.

"நீர் உடுப்போட நிறுத்தனீரோ, மணியம்?"

"ஆமா மிஸ்ஸி."

"எத்தினை மாசமா?"

"வந்ததிலேருந்து."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"உம்மட மகள் எத்தினை கிலோ?"

எனக்குத் தெரியவில்லை. தீபாவளிக்குப் போனபோது தூக்கினேன். கனமாக இருந்தாளா, இல்லையா, அதுகூட நினைவில் வரவில்லை. தெரியாது என்றேன். மிஸ்ஸி கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கூட்டிக் கழித்து ஓர் எண்ணை எழுதி அனுப்பிவிடலாமா என்று நான் கேட்டதற்கு, கழித்துக் கழித்துத்தான் இந்தக் கதிக்கு வந்தோம் என்றார். பிள்ளையைச் சரியாக நிறுக்க வேண்டும். அப்போதுதான் அலோர் காஜாவுக்கு எழுத முடியும். பிழை யாருடையது என்பதையும் எழுதத்தான் வேண்டும் என்றார். நான் தலையை ஆட்டினேன். எல்லாப் பிள்ளைகளையும் அடுத்த மாதம் உள்ளே தனி அறையில், உடுப்பில்லாமல், முதலிலிருந்து நிறுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலமே நான் எஸ்டேட்டுக்குப் போனேன். பவானி வீட்டுக்குப் போகவில்லை. முனுசாமியைத் தேடிப் போனேன். அவர் பூசாரி என்றாலும் பகலில் பால் ஸ்டோரில் வேலை. வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். தாயத்து கனத்தில் பிள்ளையின் சாப்பாடு நின்றுபோனது என்று சொன்னபோது அவர் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"நான் கட்டினது பிள்ள நல்லாருக்கணும்னு, தம்பி. அது சோறு நிக்கணும்னா கட்டினேன்?"

கழற்றலாமா என்று கேட்டேன். அவர் யோசித்தார். கழற்றலாம், ஆனால் கழற்றினது வாழை இலையில் விபூதி போட்டு சாமி படத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், திரும்பக் கட்டுகிற வரை பிள்ளை வீட்டு வாசப்படி தாண்டக் கூடாது என்றார். பவானியிடம் தானே வந்து சொல்வதாகவும் சொன்னார்.

வாசப்படி தாண்டக் கூடாது என்றால் பிள்ளை கிளினிக்குக்கு வர முடியாது. இதை எப்படி மிஸ்ஸியிடம் சொல்வது என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். அவர் வேதக்காரர், தாயத்து என்றாலே முகம் சுளிப்பவர். காலையில் சொன்னேன். அவர் முகம் சுளிக்கத்தான் செய்தார்.

"அப்ப தராசு வாசப்படி தாண்டட்டும்" என்றார்.

காய்ச்சல் விட்டு ஒரு வாரம் கழித்து, வியாழக்கிழமை மத்தியானம், மிஸ்ஸியின் பழைய காரில் தராசை எடுத்துக்கொண்டு போனோம். வெட்டு முடிந்து பெண்கள் வீட்டில் இருக்கிற நேரம். கார் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பவானி எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். மிஸ்ஸி வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, வெள்ளைக் காலுறையோடு சிமெண்டுத் தரையில் நின்றார்.

தராசைத் தொங்கவிட இடம் தேடினேன். உத்தரத்தில் தூளி கட்டுகிற கொக்கி ஒன்று இருந்தது. பவானி அதில் தொங்கிய பழைய சேலையை அவிழ்த்தாள். நான் தராசை மாட்டி, முள்ளைச் சுழியில் வைத்தேன்.

இலை விரித்திருந்தது. விபூதியும் வைத்திருந்தாள். தேவி இலைப் பக்கத்தில் உட்கார்ந்து விபூதியில் விரலை வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தயார். ஆனால் பவானியின் கை மட்டும் பிள்ளையின் அரைஞாண்கொடிக் கொக்கி மேலேயே இருந்தது. கழற்றவில்லை.

மிஸ்ஸி அவசரப்படுத்தவில்லை. தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் வலி உள்ளவர், சுவரைப் பிடித்துத்தான் உட்கார்ந்தார்.

"இஞ்ச பாரும் பிள்ளை. உம்மட மகனை நான்தான் நிறுத்தனான். எல்லாருக்கும் தூக்கிக் காட்டினதும் நான்தான். எனக்கு ஞாபகம் இருக்கு. இண்டைக்கு நான் வாய் திறக்க மாட்டன். இவரும் பாக்க மாட்டார்."

பவானி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகனைத் தூக்கிக் காட்டினது இவர்தான் என்று அவளுக்கு எப்போதும் தெரிந்திருக்கும். எனக்குத்தான் அன்று தெரிந்தது. அவள் கொக்கியை நெம்பினாள்.

நான் திரும்பி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன். வெளியே மழை விட்டிருந்தது. ஜெயமணி எதிர்வீட்டு வாசலில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள். நான் ஜன்னலைச் சாத்தினேன். பின்னால் தாயத்துகள் ஒன்றோடொன்று இடித்து இலையில் இறங்குகிற சத்தம். தராசு கிறீச்சிட்டது. தேவி சிரித்தாள், ஊஞ்சல் என்று நினைத்திருப்பாள். பென்சில் காகிதத்தில் ஒரு தடவை தட்டியது. உடனே பிள்ளையை இறக்கினார்கள். கொலுசு மறுபடி பூட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் நான் திரும்பினேன்.

மிஸ்ஸி கார்டை மூடப் போனார். பவானி அவர் கையைப் பிடித்தாள்.

"எனக்குக் காட்டுங்க மிஸ்ஸி. சொல்ல வேணாம்."

மிஸ்ஸி கார்டை விரித்து அந்தப் புள்ளியில் விரலை வைத்தார். கோட்டுக்குக் கீழே இருந்தது. பவானிக்கு எண் படிக்க வராது, ஆனால் கோடு தெரியும். கூடை உண்டு என்று அவளுக்குப் புரிந்தது. முகம் மலர்ந்தது. உடனே அந்தச் சந்தோஷம் அவளுக்கே தப்பாகப் பட்டிருக்க வேண்டும், பிள்ளையின் குச்சிக் கையைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

மிஸ்ஸி விரலை எடுக்கவில்லை. மே மாதத்துப் புள்ளிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து மெதுவாக, நடுவில் இருந்த பொய்ப் புள்ளிகளை எல்லாம் தாண்டி, இன்றைய புள்ளிக்கு இழுத்துக்கொண்டு வந்தார். கீழேயிருந்து மேலே. கோட்டைத் தொடவில்லை, ஆனால் ஏறித்தான் இருந்தது. காய்ச்சலில் இளைத்தும் ஏறியிருந்தது. வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னவர், வாய் திறக்கவே இல்லை. பவானி அதே வழியில் தன் விரலால் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை.

கிளம்பும்போது பவானி எங்களுக்குத் தேத்தண்ணி போடப் போனாள். பால் இல்லை என்று தயங்கினாள். மிஸ்ஸி தே ஓ தனக்குப் பிடிக்கும் என்று சொல்லி வாங்கிக் குடித்தார். அவருக்குச் சீனி ஆகாது, இருந்தும் குடித்தார். என்னிடம் பவானி, "நீங்களும் எளச்சிப் போயிட்டீங்கண்ணே, யாரு ஆக்கிப் போடுறா?" என்று கேட்டாள். கடையில் சாப்பிடுகிறேன் என்றேன்.

அலோர் காஜாவிலிருந்து பதில் வர பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளும் பவானி வீட்டுக்குப் பால்மாவு டின் எங்கிருந்து வந்தது என்று நான் மிஸ்ஸியைக் கேட்கவில்லை. எனக்கு ஒரு கடிதம் வந்தது, கண்டித்து. அதை என் கோப்பில் வைத்தார்கள். அடுத்த வருஷமும் மாற்றல் கிடைக்கவில்லை.

கூடைச் சாமான் வந்த அன்று மழை. பவானி வந்து தூக்கிப் போக முடியாது என்று நானே மோட்டார் சைக்கிளில் கட்டி, பிளாஸ்டிக் போர்த்திக் கொண்டுபோனேன். முட்டைத் தட்டை மட்டும் மடியில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். ஒன்றுகூட உடையவில்லை. பவானி பெட்டியைப் பிரித்ததும் முதலில் அடுப்பைப் பற்ற வைத்து ஒரு முட்டையைப் போட்டாள். நான் வாசலில் ரெயின்கோட்டை உதறிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து உட்காருங்க, நனையாதீங்க என்றாள்.

வெந்ததும் தண்ணீரில் போட்டு உரித்து, உப்புத் தொட்டு, நாலாகப் பிட்டுத் தட்டில் வைத்தாள். தேவி ஒன்றொன்றாக எடுத்துச் சாப்பிட்டாள். யாரையும் பார்க்கவில்லை. நாலும் முடிந்தது. தட்டை இரண்டு கையாலும் தூக்கி, அடியில் இன்னும் ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள்.

பவானி எழுந்து அடுப்பில் இன்னொன்று போட்டாள்.